நெருக்கமும் நெரிசலும்

உலகில் மிகுந்த சனநெருக்கமுள்ள நகரம் எது என்னும் வினா எழும்போதெல்லாம் விடையாக ஓர் எண்ணே தரப்படுகின்றது. ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் இத்தனை ஆயிரம் மக்கள் வாழ்கின்றனர் என்பதே அவ்வெண். பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகராகிய மணிலா இவ்வரிசையில் முன்னிற்கும் நகரங்களுள் ஒன்று. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நகரின் எல்லைக்குள் 18 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நகரின் பரப்போ ஏறக்குறைய 43 சதுர கிலோமீற்றர். ஆகவே ஒரு சதுர கிலோமீற்றருக்கு 43,000 பேரளவில் வருகின்றது. பாரிஸ் மாநகரில் 105 சதுர கிலோமீற்றரில் 21 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அங்கே சதுர கிலோமீற்றருக்கு 20,000 பேர். இது மணிலாவின் எண்ணிற் பாதியளவேயெனினும் ஐரோப்பிய நகரங்களுள் மிக உயர்ந்த எண்களுள் ஒன்றாகும். ஆயினும் பாரிஸை நினைப்பவர் எவரும் அதனை மூச்சு முட்டும் நகரம் என்று நினைப்பதில்லை. அகன்ற வீதிகளையும் மரநிழலையும் அழகிய மாடங்களையுமே நினைக்கின்றனர்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். நெருக்கம் வேறு, நெரிசல் வேறு. நெருக்கம் என்பது நிலத்துக்கும் மக்களுக்கும் உள்ள கணக்கு. நெரிசல் என்பது அறைக்கும் மக்களுக்கும், தண்ணீர்க் குழாய்க்கும் மக்களுக்கும், மலசலகூடத்துக்கும் மக்களுக்கும் உள்ள கணக்கு. முதலாவது கணக்கை நில அளவையாளர் நாட்டுப்படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டாவதை அறிய வேண்டுமானால் வீட்டுக்குள் நுழைந்து பார்க்கவேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட நகரங்கள் பெருந்துன்பம் உற்றன. வேறுவேறென உணர்ந்த நகரங்கள் அத்துன்பத்திலிருந்து சிறிது சிறிதாக மீண்டன. நியூயோர்க், பம்பாய், ஹொங்கொங் ஆகிய மூன்று துறைமுக நகரங்களின் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

நகரங்களில் மக்கள் நெருங்கி வாழ்ந்தது புதுமையன்று. பண்டை உரோமாபுரியில் ஏழை மக்கள் பல மாடிகள் கொண்ட வாடகைக் கட்டடங்களில் வாழ்ந்தனர். அவை அடிக்கடி இடிந்தும் எரிந்தும் போயினமையால் அகஸ்தஸ் பேரரசன் கட்டடங்களின் உயரம் எழுபது உரோம அடியை மிஞ்சலாகாது என்று விதித்தான். அக்காலந்தொட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நகரத்தின் அளவைத் தீர்மானித்தது மனிதனின் கால்களே. துறைமுகத்தில் நாட்கூலிக்கு நிற்பவன் விடியுமுன் அங்கு சென்றாலன்றி அன்றைக்கு வேலை இல்லை. தைத்த துணியைக் கடைக்குச் சுமந்து செல்பவளுக்கு வண்டிக் கூலி கொடுக்க வழியில்லை. ஆதலின் வேலை உள்ள இடத்துக்கு நடக்கும் தொலைவிலேயே ஏழைகள் வாழவேண்டியிருந்தது. அந்நிலத்தின் விலையோ மிக அதிகம். விலைமிக்க நிலத்தில் விலை கொடுக்க இயலாதவர் வாழ்வதற்கு இருந்த வழி ஒன்றுதான்: ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொள்ளுதல். நெரிசல் பிறந்தது இவ்வாறே. அது மக்களின் அறியாமையாலோ சோம்பலாலோ பிறந்ததன்று.

நியூயோர்க் நகரின் நடுநாயகமாகிய மன்ஹற்றன் தீவின் தென்கிழக்குப் பகுதி இதனை உலகுக்குக் காட்டியது. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் நேர்ந்தபோது கூட்டங் கூட்டமாக அந்நாட்டவர் அங்கு வந்திறங்கினர். அவர்களோடு ஜேர்மனியரும் வந்தனர். 1881க்குப் பின்னர் உருசியப் பேரரசில் யூதர்மீது நிகழ்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி எண்ணற்ற யூதக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. நகரின் மனைகளோ 25 அடி அகலமும் 100 அடி நீளமுமாக வகுக்கப்பட்டவை. ஒரு குடும்பத்துக்கென வகுத்த அம்மனையின் பெரும்பகுதியையும் அடைத்து ஐந்து அல்லது ஆறு மாடிக் கட்டடம் எழுப்பினர். மாடி ஒன்றுக்கு நான்கு குடும்பங்கள் குடியிருந்தன. குடும்பத்துக்கு ஐந்து பேர் எனக் கொண்டாலும் ஒரு மனையில் நூறு பேருக்குக் குறையாது. வீதிப்புறத்து அறைக்கும் பின்புறத்து அறைக்கும் மட்டுமே சாளரம் இருந்தது. இடையிலிருந்த அறைகள் பகலிலும் இருண்டு கிடந்தன. தண்ணீர்க் குழாயும் மலசலகூடங்களும் முற்றத்திலிருந்தன.

1890ஆம் ஆண்டில் அந்நகரின் பத்தாம் வட்டாரத்தில் ஏக்கர் ஒன்றுக்கு 500க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இன்றைய அளவையிற் சொன்னால் சதுர கிலோமீற்றருக்கு ஒன்றேகால் இலட்சம் பேருக்கு மேல். இன்றைய மணிலாவின் எண்ணைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. படுக்கும் அறையே பகலில் தையற்கூடமாகவும் விளங்கியது. அடுப்பு, தையல் இயந்திரம், துணிக்குவியல், குழந்தை அனைத்தும் ஒரே அறைக்குள் இருந்தன. காசநோய் அவ்வீடுகளில் நிலைத்த குடியாளாக இருந்தது.

நகரத்தவர் வாளாவிருந்தனர் என்று சொல்வதற்கில்லை. 1867இல் ஒரு சட்டம் பிறந்தது. இருபது பேருக்கு ஒரு மலசலகூடமாவது இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. அக்கணக்கே அந்நாளின் நிலையை உணர்த்தப் போதுமானது. 1879ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் அறைக்கும் வெளிக்காற்று வரும் சாளரம் வேண்டும் என்றது. கட்டுவோர் அச்சட்டத்துக்குப் பொருந்த ஒரு வழி கண்டனர். அடுத்தடுத்த கட்டடங்களின் இடுப்புப் பகுதியைச் சிறிது ஒடுக்கி, இடையே கிணறு போன்ற ஒரு குறுகிய காற்றுவழி விட்டு, அதனை நோக்கிச் சாளரம் வைத்தனர். சட்டம் கேட்ட சாளரம் கிடைத்தது, வெளிச்சம் கிடைக்கவில்லை. மேல்மாடியினர் குப்பையை அக்காற்றுவழியில் எறிந்தனர். அதன் நாற்றம் தாங்காது கீழ்மாடியினர் சாளரத்தை அடைத்து வைத்தனர். தீப்பற்றியபோது அது புகைபோக்கியாகித் தீயை மாடிக்கு மாடி ஏற்றியது.

இந்நிலையை வெளியுலகம் கண்டது ஒரு செய்தியாளராலே. டென்மார்க்கிலிருந்து குடியேறிய ஜேக்கப் ரீஸ் என்பவர் இரவு வேளைகளில் இருண்ட அறைகளுக்குள் சென்று, மின்னொளிபோலப் பளிச்சிடும் மக்னீசியத் தூளைக் கொளுத்திப் புகைப்படம் எடுத்தார். 1890இல் அவர் வெளியிட்ட நூல் நகர மாந்தரின் மனச்சாட்சியைத் தொட்டது. 1900இல் லோரன்ஸ் வெய்லர் என்பார் இக்கட்டடங்களின் மாதிரிகளையும் நோய்ப் படங்களையும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார். அடுத்த ஆண்டே, 1901இல், உறுதியான சட்டம் வந்தது. புதுக் கட்டடங்களில் அகன்ற முற்றமும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மலசலகூடமும் வேண்டும். பழைய கட்டடங்களின் இருட்டறைகளுக்குச் சாளரம் வெட்டவேண்டும். இவற்றைப் பார்வையிட ஒரு தனித் திணைக்களமும் வேண்டும் என்று அது விதித்தது. கட்டட உரிமையாளர் செலவுக்கு அஞ்சி வழக்காடினர். நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே நின்றது.

சட்டத்துக்குத் துணையாக வண்டியும் வந்தது. 1903இல் வில்லியம்ஸ்பேர்க் பாலம் திறக்கப்பட்டது. 1904 ஒக்டோபரில் நிலத்தடிப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. எவ்வளவு தூரம் சென்றாலும் ஐந்து சதமே கட்டணம். அக்கட்டணம் 1948வரை மாறவில்லை. கால்களின் தளை அறுந்தது. தொழிலாளி ஆற்றைக் கடந்து குடியேறி, நாள்தோறும் வேலைக்கு வந்து போக வழி பிறந்தது. 1910இல் மன்ஹற்றன் தீவில் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2020இல் அத்தொகை 17 இலட்சத்தைச் சிறிதே எட்டாதிருந்தது. வானளாவும் கட்டடங்கள் மிகச் சிலவாகவே இருந்த காலத்திலேயே அத்தீவு மிகுந்த நெருக்கமுற்றிருந்தது என்பது வியப்புக்குரியது. கட்டடங்கள் உயர்ந்தன, மக்கள் தொகை குறைந்தது. உயர்ந்த கட்டடமே நெரிசலுக்குக் காரணம் என்னும் எண்ணம் பிழையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நியூயோர்க் தன் இருட்டறைகளைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஆசியாவின் துறைமுகங்களை ஒரு பெருங்கொள்ளைநோய் தாக்கியது. பிரித்தானியரின் ஆட்சியிலிருந்த ஹொங்கொங் தீவில் சீனத் தொழிலாளர் வாழ்ந்த தைப்பிங்சான் பகுதி மலைச்சரிவில் அமைந்தது. அங்கே வீடுகளின் உள்ளிடம் பலகைகளால் சிறு சிறு கூடுகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. 1882இலேயே ஒஸ்பேட் சாட்விக் என்னும் பொறியியலாளர் அவ்வீடுகளைப் பார்வையிட்டு, காற்றும் வடிகாலும் இன்றி இந்நிலை நீடித்தல் ஆகாது என்று அறிக்கை செய்தார். வீட்டுரிமையாளரின் எதிர்ப்பால் சீர்திருத்தம் மந்தமாகவே நடந்தது. 1894 மே மாதத்தில் பிளேக் நோய் அங்கு தோன்றிற்று. அவ்வாண்டில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிரெஞ்சு ஆய்வாளர் யேர்சின் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததும் அங்கேதான். யப்பானிய அறிஞர் கிற்றசாற்றோவும் அதே வேளையில் அவ்வாய்வில் ஈடுபட்டிருந்தார். நோய் பீடித்த தெருக்களை அரசாங்கம் இடித்துத் தள்ளியது.

ஈராண்டுகள் கழித்து அந்நோய் கப்பலேறிப் பம்பாயை அடைந்தது. 1896 செப்டெம்பரில் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி என்னும் தானியக் கிடங்குப் பகுதியில் வைத்தியர் அகாசியோ வீகாஸ் அதனை இனங்கண்டார். ஏழு சிறு தீவுகளை இணைத்து ஆக்கப்பட்ட அந்நகரம் பருத்தி வாணிகத்தாலும் நெசவாலைகளாலும் பருத்து வளர்ந்திருந்தது. ஆலைத் தொழிலாளர் வாழ்ந்தவை ‘சால்’ எனப்பட்ட நீண்ட மாடிக் கட்டடங்கள். நடையோடியின் ஓரமாக அறைகள் வரிசையாக இருக்கும். குடும்பம் ஒன்றுக்கு ஓர் அறை. குழாயும் மலசலகூடமும் பொதுவில் இருக்கும். 1860இல் விகார் ஏரியின் நீர் குழாய்வழியே நகருக்கு வந்தது. ஆனால் வந்த நீர் வெளியேறுதற்கு வேண்டிய வடிகால் அதற்கேற்ப அமையவில்லை.

நோய்க்குப் பயந்து இலட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர். 1891இல் 8,21,764 ஆக இருந்த சனத்தொகை 1901இல் 7,76,006 ஆகக் குறைந்தது. அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று நோயாளரைத் தேடினர். சுவருக்குச் சுண்ணாம்பு பூசினர். வெயில் புகுவதற்காகக் கூரை ஓடுகளைப் பெயர்த்தனர். மனிதர் வாழத் தகுதியற்றது என்று வீட்டுச் சுவரிற் குறியிட்டனர். நோயைப் பரப்புவது எலித்தெள்ளு என்பதைப் பிரெஞ்சு வைத்தியர் சிமொண்ட் 1898இல் கண்டு கூறினார். வல்டெமார் ஹாவ்கின் என்னும் ஆய்வாளர் பம்பாயிலேயே தடுப்பூசி மருந்தை ஆக்கி, 1897 ஜனவரியில் முதலில் தம் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார்.

1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு நிறுவனம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் நோக்கம் நல்லதே. இழிந்த குடியிருப்புகளை அகற்றி, கடற்காற்று புகும்படி அகன்ற வீதிகளை வெட்டி, புது மனைகளை வகுப்பது அதன் பணி. இளவரசி வீதியும் சாந்தேர்ஸ்ட் வீதியும் அவ்வாறு பிறந்தவையே. ஆயின் தொடக்க ஆண்டுகளில் அந்நிறுவனம் இடித்த அறைகள் பல. கட்டிய அறைகள் சில. வீடிழந்தோர் எங்கே போவர்? வேலை இருந்த இடம் மாறவில்லை. ஆதலின் அவர்கள் அடுத்த தெருவிலிருந்த சால்களில் உறவினரோடும் ஊரவரோடும் ஒண்டினர். ஒரு தெருவில் எண் குறைந்தது. அடுத்த தெருவில் ஏறியது. நாட்டுப்படத்தில் ஒரு கறை துடைக்கப்பட்டது. கறையோ அருகே நகர்ந்திருந்தது. வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அந்நிறுவனம் பிற்காலத்தில் வகுத்த புறநகர்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கு நல்வாழ்வு தந்தன. தென்னிந்தியர் பலர் அங்கு குடியேறினர். ஆனால் ஆலைக்கூலிக்கு அவ்வாடகை எட்டவில்லை.

நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட தொழில்களுள் தோல் பதனிடுதலும் ஒன்று. சதுப்பு நிலமாயிருந்த தாராவியில் அத்தொழில் வேரூன்றியபோது திருநெல்வேலிப் பகுதித் தமிழர் பலர் அங்கு சென்று உழைத்தனர். பின்னாளில் நகரம் வளர்ந்து தாராவியைச் சூழ்ந்துகொண்டது. இரண்டு சதுர கிலோமீற்றரைச் சிறிதே விஞ்சும் அந்நிலத்தில் இன்று பல இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அது வீடுகளின் தொகுதி மட்டுமன்று. தோல், மட்பாண்டம், ஆடை எனப் பல கைத்தொழில்களின் தொகுதியுமாகும். அதனை மாற்றியமைக்கும் திட்டம் பேசப்படும்போதெல்லாம் அங்குள்ளோர் கேட்கும் வினா ஒன்றே: வீடு தருவீர்கள், தொழிலுக்கு இடம் எங்கே? 1898ஆம் ஆண்டின் அனுபவம் அவ்வினாவின் நியாயத்தை உணர்த்துகின்றது.

இடிப்பதோடு நில்லாமல் கட்டவும் வேண்டும் என்பதை மீண்டும் ஹொங்கொங்கே உலகுக்குக் காட்டிற்று. 1945இல் ஏறக்குறைய ஆறு இலட்சமாக இருந்த அதன் சனத்தொகை, சீனாவின் உள்நாட்டுப் போரினால் அகதிகள் வந்து குவிந்தமையின் ஐந்தாறு ஆண்டுகளுள் இருபது இலட்சமாயிற்று. மலைச்சரிவெங்கும் மரப்பலகையும் தகரமுமாகக் குடிசைகள் முளைத்தன. 1953 டிசெம்பர் 25ஆம் நாளிரவு கௌலூன் பக்கத்திலுள்ள ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில் தீ மூண்டது. ஒரே இரவில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். வீடமைப்பு அரசாங்கத்தின் வேலையன்று என்றிருந்த ஆட்சியாளர் அதன்பின் தம் கொள்கையை மாற்றிக்கொண்டனர். 1954இல் அந்நிலத்திலேயே பல மாடிக் குடியிருப்புகள் எழத் தொடங்கின.

அவ்வீடுகள் மாளிகைகளல்ல. வளர்ந்த ஒருவருக்கு 24 சதுர அடி, சிறு பிள்ளைக்கு அதிற் பாதி என்பதே இட அளவு. ஐந்து பேருக்கு 120 சதுர அடியில் ஓர் அறை. சமையல் வெளி நடையோடியில் நடந்தது. குழாயும் மலசலகூடமும் பொதுவிலிருந்தன. நிலக்கணக்கைப் பார்த்தால் முன்பு குடிசைகள் இருந்ததைவிட இங்கே நெருக்கம் குறைந்ததென்று சொல்வதற்கில்லை. ஆயினும் தீப்பற்றாத சுவரும், ஓடும் நீரும், வாடகைச் சீட்டும் கிடைத்தன. நாளைக்கு எவரும் வந்து வெளியேற்றமாட்டார் என்ற நம்பிக்கை பிறந்தது. மொட்டை மாடிகளில் தொண்டு நிறுவனங்கள் பள்ளிக்கூடங்களை நடத்தின. ஏழு மாடிக்கு மேலே, வேலியிட்ட வெளியில், அகதிகளின் பிள்ளைகள் எழுத்துப் படித்தனர். தொடக்க காலக் கட்டடங்களுள் ஒன்றாகிய மெய் ஹோ இல்லம் நினைவுச் சின்னமாக இன்றும் பேணப்படுகின்றது.

நீருக்கும் அந்நகரம் பாடுபட்டது. 1963ஆம் ஆண்டு வறட்சியில் நான்கு நாட்களுக்கு ஒருமுறை நான்கு மணிநேரம் மட்டுமே நீர் வழங்கப்பட்டது. 1965 முதல் சீனாவின் கிழக்காற்று நீர் குழாய்வழியே வந்தது. 1968இல் கடலின் ஒரு குடாவையே அணைகட்டி அடைத்து நன்னீர்த் தேக்கமாக்கினர். மலசலகூடங்களுக்குக் கடல்நீரைப் பயன்படுத்தி நன்னீரை மிச்சப்படுத்தினர். 1972இல் ஆளுநர் மக்லிஹோஸ் பத்தாண்டு வீடமைப்புத் திட்டத்தை அறிவித்தார். அதன்பின் எழுந்த வீடுகளில் தனிச் சமையலறையும் தனி மலசலகூடமும் அமைந்தன. இன்று ஹொங்கொங் மக்களுள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் அரசாங்கம் கட்டிய அல்லது உதவிய வீடுகளில் வாழ்கின்றனர். அதன் மிக நெருக்கமான மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு 50,000 பேருக்கு மேல் உள்ளனர். ஆயினும் உலகில் மிக நீண்ட ஆயுளுடன் வாழும் மக்களுள் அந்நகரத்தார் வைத்து எண்ணப்படுகின்றனர்.

அதே நகரில், அதே காலத்தில், இதற்கு மறுதலையான காட்சியும் இருந்தது. கௌலூன் மதில்நகரம் என்பது பழைய சீனக் கோட்டை. 1898 உடன்படிக்கையின்போது அது சீனாவின் ஆட்சியிலேயே விடப்பட்டது. மறு ஆண்டு பிரித்தானியர் சீன அதிகாரிகளை வெளியேற்றினர். ஆனால் தாமும் அதனை முறையாக ஆளவில்லை. இரு அரசுகளுக்கும் இடையே ஆளில்லாது கிடந்த அவ்விடத்தில் அகதிகள் குடியேறினர். மூன்று ஹெக்ரேயரும் இல்லாத அந்நிலத்தில் 1987இல் ஏறக்குறைய 33,000 பேர் வாழ்ந்தனர். சதுர கிலோமீற்றர்க் கணக்கிற் சொன்னால் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல். இதனை விஞ்சிய எண்ணை நகர வரலாற்றிற் காண்டல் அரிது. கட்டட அனுமதி கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. அருகிலிருந்த கை ராக் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் மோதாதிருக்கப் பதினான்கு மாடி அளவில் நின்றதே அங்கிருந்த ஒரே கட்டுப்பாடு. கீழ்ச்சந்துகளில் சூரிய ஒளி விழவில்லை. தலைக்கு மேலே குழாய்களும் கம்பிகளும் பின்னிக் கிடந்தன. அங்கும் நேர்மையாக உழைத்தோர் இருந்தனர். மீனுருண்டை செய்வோரும் பல்வைத்தியரும் இருந்தனர். பிள்ளைகள் கூரைமேல் விளையாடினர். இரு அரசுகளும் உடன்பட்ட பின் 1993இல் இடிக்கத் தொடங்கி அடுத்த ஆண்டில் முடித்தனர். 1995இல் அங்கு ஒரு பூங்கா திறக்கப்பட்டது. குடியிருந்தோருக்கு இழப்பீடும் மாற்று வீடும் தரப்பட்டன என்பது பம்பாய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

ஒரு நகரம் ஒருமுறை கற்ற பாடம் என்றைக்கும் போதும் என்று எண்ணுதல் தகாது. 2003இல் சார்ஸ் நோய் ஹொங்கொங்கைத் தாக்கியபோது அமோய் தோட்டம் என்னும் உயர்மாடிக் குடியிருப்பில் 300க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 42 பேர் இறந்தனர். அது ஏழைகளின் சேரியன்று. குளியலறைத் தரையிலிருந்த வடிகாற் குழாய்களின் வளைவில் நிற்கவேண்டிய நீர் வற்றிப்போனமையால், அவற்றின் வழியே நோய்க்கிருமி வீட்டுக்கு வீடு பரவியது என்று ஆராய்ந்தோர் கூறினர். ஒரு சிறாங்கை நீர் இல்லாமற் போன குற்றம் அது. இன்றும் அந்நகரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர், ஒரு வீட்டைப் பலவாகத் தடுத்த சிற்றறைகளில் வாழ்கின்றனர். சாட்விக் 1882இற் கண்ட பலகைத் தடுப்பு வேறு உருவில் இன்னும் இருக்கின்றது. பொது வீட்டுக்குப் பெயர் பதிந்து ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போர் அவர்களுள் பலர்.

ஆகவே நகரங்களைச் சனநெருக்க வரிசையில் நிறுத்தி, இது முதலாவது, அது இரண்டாவது என்று கூறும் அட்டவணைகளைக் காணும்போது அறிவுடையோர் மேலும் சில வினாக்களைக் கேட்டல் வேண்டும். ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர்? ஒரு குழாயில் எத்தனை குடும்பங்கள் நீர் பிடிக்கின்றன? அந்நீர் எவ்வழியே வெளியேறுகின்றது? வேலைக்குச் செல்ல வண்டி உண்டா. அதன் கட்டணம் கூலிக்கு எட்டுமா? வீட்டை இடிப்பவர் மாற்று வீட்டின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வருகின்றாரா? நியூயோர்க்கில் ஏழைக்கு ஒரு சாளரம் கிடைக்க 1867 முதல் 1901 வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. ஹொங்கொங்கில் ஒரு பெருந்தீயின் பின், மறு ஆண்டே மாடிகள் எழத் தொடங்கின. இரு நகரங்களிலும் நிலம் குறைவே; மக்கள் மிகுதியே. காலத்தைக் குறுக்கியது, இவர்களும் நம் நகரத்தவரே என்று ஆள்வோர் ஏற்றுக்கொண்ட மனமாற்றம்.